தலைக்கவசம் காப்பது மண்டையை, மூளையை அன்று

2002 செப்டம்பர் இறுதியில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரப் பிணக்கூறாய்வு நிலையத்துக்கு மைக் வெப்ஸ்டரின் உடல் வந்தது. வயது 50. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி நான்கு முறை சூப்பர் பௌல் கோப்பையை வென்ற காலத்தில் அந்த அணியில் இருந்து, அதன் முன்வரிசையின் நடுவில் ஆடியவர் அவர். அமெரிக்க ஃபுட்பாலின் (நம்மூர்க் கால்பந்து வேறு) தொழில்முறைத் தொடரான தேசிய ஃபுட்பால் லீகில் 17 பருவங்கள் ஆடி ஓய்வு பெற்ற பிறகு நினைவு தடுமாறி, சம்பாதித்ததை இழந்து, சில காலம் தன் வண்டியிலேயே படுத்துறங்கும் நிலைக்கு வந்திருந்தார். உடலைக் கூறாய்வு செய்தவர் நைஜீரியாவில் பிறந்த நோய்க்குறியியல் மருத்துவர் பென்னெட் ஒமாலு. மண்டையைத் திறந்தபோது வெறுங்கண்ணுக்கு மூளையில் கோளாறு ஏதும் தெரியவில்லை. அந்த வயதில் இருக்க வேண்டியபடியேதான் இருந்தது. ஆனாலும் ஒமாலு அதைப் பதப்படுத்தி, மெல்லிய சீவல்களாக அறுத்துச் சாயமேற்றச் சொன்னார். செலவையும் தன் கையிலிருந்தே கொடுத்தார்.

நுண்ணோக்கியின் கீழ் அந்தச் சீவல்கள் வேறு கதை சொல்லின. நரம்பணுக்களுக்குள் டாவ் என்னும் புரதம் முடிச்சு முடிச்சாகத் திரண்டு, சாயத்தில் பழுப்புக் கறையாகத் தெரிந்தது. 2005-இல் வெளியான அவருடைய கட்டுரை, தொழில்முறை அமெரிக்க ஃபுட்பால் ஆட்டக்காரர் ஒருவருக்கு சி.டி.இ., அதாவது திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் நாள்பட்ட மூளைச் சிதைவு, இருந்ததை முதன்முதலில் பதிவு செய்தது. லீகின் மருத்துவக் குழுவினர் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று இதழுக்கு எழுதினார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், வெப்ஸ்டரின் இயலாமைக்குத் தலையில் பட்ட அடிகளே காரணம் என்று ஆட்டக்காரர்களுக்கான ஓய்வூதிய வாரியம் 1999-லேயே ஒப்புக்கொண்டு உதவித்தொகை வழங்கியிருந்தது.

இத்தனைக்கும் வெப்ஸ்டர் தலைக்கவசம் இல்லாமல் ஒருநாளும் களமிறங்கியவர் அல்லர். கடினமான பிளாஸ்டிக் ஓடு, உள்ளே பஞ்சணை, முகத்துக்கு முன்னே கம்பி வலை என்று எல்லாம் இருந்தும் அவருடைய மூளை ஏன் சிதைந்தது? விடை காண, அவர் களத்தில் என்ன வேலை செய்தார் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இந்த ஆட்டத்தில் பந்து இடைவிடாமல் ஓடிக்கொண்டிருப்பதில்லை. 10 கெஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள் தரப்படுகின்றன. ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு தனி மோதல், பெரும்பாலும் ஐந்தாறு விநாடிகளில் முடிந்துவிடும். வெப்ஸ்டரைப் போல முன்வரிசையின் நடுவில் நிற்கும், சென்டர் எனப்படும் ஆட்டக்காரர் குனிந்து நின்று, தரையில் கிடக்கும் பந்தைத் தன் கால்களுக்கிடையே, பின்னால் நின்று ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கிடம் கொடுப்பார். எதிரணிக்காரருக்கும் அவருக்கும் நடுவே உள்ள இடைவெளி, விதிப்படி, பந்தின் நீளம் மட்டுமே. ஏறக்குறைய 28 சென்டிமீட்டர். பந்து அசைந்த அந்தக் கணத்தில் எதிரே இருப்பவர், இன்றைய கணக்கில் 130, 140 கிலோ எடையுள்ளவர், பாய்ந்து மோதுவார். இருவரும் குனிந்து நிற்பதால் முதலில் முட்டிக்கொள்வது பெரும்பாலும் தலைகள்தாம். ஓர் ஆட்டத்தில் ஓர் அணி அறுபது முறைக்கு மேல் இப்படிப் பந்தைத் தொடங்கும். இதுபோக வார நாள்களில் பயிற்சியும் உண்டு. பார்வையாளர் கண்ணோ பந்தைத் தொடர்ந்து ஓடிவிடுவதால், இந்த மோதல்கள் யார் கவனத்திலும் நிற்பதில்லை.

இனி தலைக்கவசத்துக்கு வருவோம். வேகமாக வரும் தலை நிற்க வேண்டுமானால், எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதுதான் அதன் மீது செயல்படும் விசையைத் தீர்மானிக்கிறது. விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் செல்லும் தலை அரை சென்டிமீட்டருக்குள் நின்றால், புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் சுமார் 250 மடங்கு, அதாவது 250 ஜி அளவுக்கு அது உலுக்கப்படும். கவசத்தின் பஞ்சணை 2 சென்டிமீட்டர் அமுங்கி இடம் கொடுத்தால், அது 64 ஜி-யாகக் குறைகிறது. எல்லாம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் எட்டுப் பங்குக்குள் நடந்து முடிகிறது. மண்டையோட்டை உடைப்பது இந்த நேர்கோட்டு விசைதான் என்பதால், மண்டை உடைவதைத் தடுப்பதில் கவசம் மெய்யாகவே பெருவெற்றி கண்டது. 1968-ஆம் ஆண்டில் மட்டும், பள்ளி அணிகள் உள்பட அமெரிக்கா முழுவதும், களத்தில் பட்ட அடியால் நேரடியாக இறந்தவர்கள் 36 பேர். அதன் பிறகு கவசங்களுக்குத் தரக்கட்டுப்பாடு வந்தது, தலையை முன்னே நீட்டி ஈட்டிபோல் பாய்வது 1976-இல் தடைசெய்யப்பட்டது. 1990-இல் அப்படி ஒருவர்கூட இறக்கவில்லை.

அந்த 1976-ஆம் ஆண்டுத் தடைக்குப் பின்னாலும் ஓர் இயற்பியல் இருக்கிறது. கழுத்தெலும்பு இயல்பாகவே சற்று வளைந்திருப்பதால், அடி விழும்போது வில்லைப்போல வளைந்து கொடுக்கும். தலையைக் குனிந்ததும் அந்த வளைவு நிமிர்ந்து, முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தூண்போல் ஆகிவிடுகின்றன. உச்சந்தலையில் மோதினால் தலை நின்றுவிடும், உடலோ பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும். இடையில் நசுங்குவது கழுத்து. நல்ல கவசம் கிடைத்துவிட்ட துணிச்சலில்தான் ஆட்டக்காரர்கள் தலையையே ஆயுதமாக்கத் தொடங்கினார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஆனால் மூளையின் சங்கதி வேறு. ஒரு செம்பில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி, அதன்மேல் ஒரு கறிவேப்பிலையை மிதக்கவிட்டு, செம்பைச் சட்டென்று கால் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். செம்பு திரும்பிவிடும், இலை இருந்த இடத்திலேயே கிடக்கும். மண்டையோடு திரும்பும்போது மூளைக்கும் ஏறக்குறைய இதுதான் நேர்கிறது. ஒரே வித்தியாசம், மூளை தண்ணீர் அன்று. நுங்கைப் போலக் கொழகொழப்பான திடப்பொருள். ஆகவே அதன் வெளிப்புறம் ஓட்டோடு சேர்ந்து இழுபட, உட்புறம் தன் சடத்துவத்தால் பின்தங்க, இடையிலுள்ள அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கி முறுக்கிக்கொள்கின்றன.

இதை 1943-லேயே தெளிவாகச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த இயற்பியலாளர் ஹோல்போர்ன். மூளையின் வடிவில் ஜெலட்டினை வார்த்து, அதைத் திடீரென்று சுழற்றி, எந்தெந்த இடத்தில் இழுவிசை கூடுகிறது என்று ஆராய்ந்தார். அவருடைய வாதம் எளியது. மூளையைத் தண்ணீரைப்போல எல்லாப் பக்கமிருந்தும் அழுத்தினால் அது சுருங்கிக் கொடுக்காது, பெரிய சேதமும் வராது. ஆனால் பக்கவாட்டில் சறுக்குவதை எதிர்க்கும் வலு அதற்கு மிகக் குறைவு. எனவே மூளையைக் கெடுப்பது குத்தைக் காட்டிலும் சுழற்சியே. அதற்குப் பின் முப்பது ஆண்டுகள் கழித்து வந்த தலைக்கவசத் தரச்சோதனை, கவசம் மாட்டிய பொம்மைத் தலையை உயரத்திலிருந்து கீழே போட்டு, நேர்கோட்டு முடுக்கத்தை மட்டுமே அளந்தது. மண்டை உடையக் கூடாது என்பதே அன்றைய அவசரம் என்பதால் அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் சுழற்சியைப் பல பத்தாண்டுகள் கணக்கிலேயே சேர்க்காததற்கு அந்தச் சமாதானம் போதாது. தாடைப் பக்கமாகவோ முகக் கம்பியின் ஓரத்திலோ விழும் அடி, நெம்புகோலைத் தள்ளியதுபோல் தலையைத் திருப்பிவிடுகிறது. பஞ்சணை அதற்கு அதிகம் செய்வதற்கில்லை.

இந்த முறுக்கலில் முதலில் அடிபடுவது நரம்பணுவின் நீண்ட இழையான ஆக்ஸான். ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர் தடிமனே உள்ள இந்த இழைக்குள், தண்டவாளங்களைப்போல நுண்குழல்கள் ஓடுகின்றன. அணுவின் உடலில் உற்பத்தியாகும் சரக்குகள் அவற்றின் வழியேதான் இழையின் கடைசி முனைக்குப் போய்ச் சேர்கின்றன. அந்தத் தண்டவாளங்களைக் குலையாமல் பிடித்து வைத்திருக்கும் கட்டைகளாக டாவ் புரதத்தை நினைத்துக்கொள்ளலாம். இழையை மெதுவாக இழுத்தால் நீண்டு கொடுத்து, விட்டதும் பழைய நிலைக்கு வந்துவிடும். வெடுக்கென்று இழுத்தால், சவ்வுமிட்டாயைப் போலவே, நீள நேரமில்லாமல் உள்ளே முறிகிறது. இழை முழுவதும் அறாவிட்டாலும் நுண்குழல்கள் உடைந்த இடத்தில் சரக்குகள் தேங்கி, மணி கோத்ததுபோல் வீங்குகின்றன.

அதே நொடியில் வேதியியலும் நிலைகுலைகிறது. இழுபட்ட சவ்வுகளின் வழியே பொட்டாசியம் வெளியே கொட்ட, கால்சியம் உள்ளே புகுகிறது. இந்தச் சமநிலையை மீட்க நரம்பணுவின் அயனிப் பம்புகள் முழுமூச்சாக இயங்குவதால், ஆற்றல் தேவை ஏறுகிறது. ஆனால் அதே சமயத்தில் மூளைக்கு வரும் ரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. கணக்குப் புத்தகத்தில் செலவு ஏறி வரவு இறங்கும் இந்த நாள்களில் இரண்டாவது அடி விழுந்தால் அணுவால் தாங்க முடிவதில்லை. மயாமி டால்ஃபின்ஸ் குவார்ட்டர்பேக் டுவா டாகோவைலோவா 2022 செப்டம்பர் 25 அன்று தலை தரையில் மோதித் தள்ளாடினார். ஆனாலும் அதே ஆட்டத்தில் மீண்டும் களமிறங்கினார். நான்கு நாள்கள் கழித்து இன்னொரு முறை தரையில் வீழ்த்தப்பட்டபோது, அவருடைய விரல்கள் முகத்துக்கு முன்னே விறைத்துக் கோணி நின்றதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. மூளைத்தண்டு உலுக்கப்பட்டதற்கான அடையாளம் அது. அடுத்த மாதமே, தள்ளாட்டம் கண்டவர் அன்றைக்கு மறுபடி ஆடக் கூடாது என்று விதி திருத்தப்பட்டது.

மூளையதிர்ச்சி என்று கண்ணுக்குத் தெரிவது இவ்வளவே. சி.டி.இ. அப்படி ஒரே நாளில் வருவதில்லை. தண்டவாளத்திலிருந்து கழன்ற டாவ் புரதத்தின் மீது பாஸ்பேட் அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்ள, அது மடங்கிய விதம் கெட்டு, ஒன்றோடொன்று பின்னி முடிச்சாகிறது. அல்சைமர் நோயிலும் டாவ் முடிச்சுகள் உண்டு என்றாலும், அவை இருக்கும் இடம் வேறு. சி.டி.இ.-யில் அவை முதலில் தோன்றுவது மூளையின் மடிப்புப் பள்ளங்களின் அடியில், சிறு ரத்தக் குழாய்களைச் சுற்றி. மடித்த அட்டையை முறுக்கினால் மடிப்பின் மூலையில்தானே முதலில் கிழியும்? கணினி மாதிரிகளும் இழுவிசை அங்கேதான் குவிகிறது என்று காட்டுகின்றன. ஆடுவதை நிறுத்திய பிறகும் இந்த முடிச்சுகள் பல ஆண்டுகளாகப் பரவிக்கொண்டே போவதுதான் இந்நோயின் கொடுமை. ஆத்திரம், மனச்சோர்வு, மறதி என்று அது வெளியே தெரியும் காலத்தில், விளையாட்டுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு பிறர் கண்ணுக்கு மறைந்திருக்கும்.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆன் மெக்கீயின் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், முன்னாள் லீக் ஆட்டக்காரர்கள் 111 பேரின் மூளைகளில் 110-இல் சி.டி.இ. காணப்பட்டது. இதை அப்படியே எல்லா ஆட்டக்காரர்களுக்கும் பொருத்திவிடக் கூடாது. ஏற்கெனவே சந்தேகம் கொண்ட குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானம் செய்கின்றன. ஆயினும், ஆடும் ஆண்டுகள் கூடக் கூட ஆபத்தும் ஏறுகிறது என்பது அதற்குப்பின் வந்த ஆய்வுகளில் உறுதியாயிற்று. 2023-இல் அதே பல்கலைக்கழகத்தினர் 631 ஆட்டக்காரர்களின் மூளைகளை வைத்துப் பார்த்தபோது, ஒருவருக்கு எத்தனை முறை மூளையதிர்ச்சி ஏற்பட்டது என்ற எண்ணிக்கை நோயை முன்னறிவிக்க உதவவில்லை. வாழ்நாள் முழுதும் தலை வாங்கிய அடிகளின் ஒட்டுமொத்த விசையே அதை முன்னறிவித்தது.

வெப்ஸ்டரின் இடத்துக்கு இங்கேதான் திரும்ப வேண்டியிருக்கிறது. தலைக்கவசங்களில் உணர்கருவி பொருத்தி 2003-இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் தொடங்கிய அளவீடுகளும் அவற்றைத் தொடர்ந்து பிற கல்லூரிகளில் நடந்தவையும், ஒரு பருவத்தில் ஓர் ஆட்டக்காரரின் தலை சில நூறு முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிகளை வாங்குவதைக் காட்டின. மூளையதிர்ச்சி உண்டாக்கும் அடி பொதுவாக 100 ஜி அருகில் இருக்கும். முன்வரிசைக்காரர்கள் வாங்கும் அடிகள் பெரும்பாலும் 20, 30 ஜி-தான். ஆனால் எண்ணிக்கையில் அவர்களே முதலிடம்.

லீகும் சும்மா இருக்கவில்லை. இந்த ஆட்டத்துக்கும் சி.டி.இ.-க்கும் தொடர்பு உண்டு என்று 2016-இல் அதன் உயரதிகாரி ஒருவர் நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும்போது நெடுந்தூரம் ஓடிவந்து மோதும் கிக்காஃப் முறை 2024-இல் மாற்றி அமைக்கப்பட்டது. கவசத்தின் மேலே மாட்டும் மெத்தை உறைகள் பயிற்சியில் கட்டாயமாயின. அரங்கின் மேல்தளத்தில் ஒரு கண்காணிப்பாளர் தொலைநோக்கியும் காணொளித் திரைகளுமாக உட்கார்ந்து, யாராவது தள்ளாடுகிறார்களா, தலையைப் பிடித்துக்கொள்கிறார்களா, எழச் சிரமப்படுகிறார்களா என்று பார்க்கிறார். 2015 முதல் ஆட்டத்தையே நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் அவருக்கு உண்டு. பந்து பின்னால் போனதும் முட்டிக்கொண்டு, ஐந்து விநாடி கழித்து நிமிர்ந்து, கவசத்தைச் சரிசெய்தபடி நேராக நடந்து வந்து மறுபடி வரிசையில் குனியும் சென்டரிடம் அவர் எழுதிக்கொள்ள ஏதுவாக எந்த அடையாளமும் தெரிவதில்லை.