கரண்ட் போனதும் கடல்மீன் தொட்டிக்குள்ள என்ன நடக்குது?

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. விடியக்காலைல போன கரண்ட் எங்க தெருவுக்கு 6ஆம் தேதி ராத்திரி தான் திரும்ப வந்துச்சு. சென்னை பள்ளிக்கரணைல ரெண்டாவது மாடி வீடு, அதனால வெள்ளம் வீட்டுக்குள்ள வரல, ஆனா ஹால்ல இருந்த 250 லிட்டர் சால்ட் வாட்டர் தொட்டி அப்படியே ஓஞ்சு போய் நின்னுச்சு. ஃபில்டர் தான் தொட்டிக்கு உயிர்னு நினைச்சு கேனிஸ்டர் ஃபில்டரை (தொட்டிக்கு வெளிய இருக்குற மூடின டப்பா ஃபில்டர்) இன்வெர்ட்டர்ல போட்டுட்டேன், கூடவே ஃபேன் லைட்டும் ஓடிச்சு, சாயங்காலத்துக்குள்ள பேட்டரி காலி. ராத்திரி 2 மணிக்கு டார்ச் அடிச்சு பாத்தா பட்டர்ஃப்ளை மீன் மேல வந்து வாயை தண்ணி மட்டத்துல வச்சு வேகவேகமா செவுள அடிச்சிட்டு இருந்துச்சு. மூணு வருஷம் வளர்த்த மீன், காலைல இல்ல. அன்னைக்கு எனக்கு தெரியாத ஒரு விஷயத்தை தான் இப்ப எழுதுறேன்.

தொட்டிய கொல்றது ஃபில்டர் நின்னு போறது இல்லங்க, மேல்மட்ட தண்ணி அசையாம நிக்கிறது தான்.

கணக்கு போட்டு பாருங்க. 28 டிகிரில இருக்குற கடல் தண்ணில லிட்டருக்கு அதிகபட்சம் 6.4 மில்லிகிராம் அளவு தான் ஆக்சிஜன் கரைஞ்சு இருக்க முடியும். அதே சூட்டுல நல்ல தண்ணின்னா 7.8 வரைக்கும் பிடிக்கும், உப்பு ஏற ஏற ஆக்சிஜனுக்கு இடம் குறையுது, அதனால தான் கோல்டு ஃபிஷ் தொட்டி தாங்குற அளவுக்கு இது தாங்காது. என் 250 லிட்டருக்கும் சேர்த்து பாத்தா மொத்தமே 1.6 கிராம். அந்த 1.6 கிராம் ஆக்சிஜன் வெளிய எவ்ளோ காத்துல இருக்கு தெரியுமா, வெறும் 6 லிட்டர் காத்துல! அரை பக்கெட் கூட வராது. இதை மீன் மட்டும் மூச்சு விட எடுத்துக்கல, கல்லுலயும் மணல்லயும் இருக்குற பாக்டீரியா, நத்தை, நண்டு, லைட் இல்லாதப்ப பாசி கூட இதுல இருந்து தான் எடுக்குது.

மேல தான் காத்து இருக்கே, தானா கரையாதான்னு கேப்பீங்க. கரையும், ஆனா கீழ இறங்காது. கொஞ்சம் கூட அசையாத தண்ணில ஆக்சிஜன் தானா 1 சென்டிமீட்டர் இறங்கவே கிட்டத்தட்ட 6 மணி நேரம் ஆகும். தூரம் 10 மடங்கு ஆனா நேரம் 100 மடங்கு ஆகும், அதாவது 10 சென்டிமீட்டர் போக 25 நாள். நிஜ தொட்டில மீன் நீந்துறதாலயும் மேல் தண்ணி குளிர்ந்து கீழ இறங்குறதாலயும் கொஞ்சம் கலக்கும், அது தான் மீனுங்க சில மணி நேரமாவது தாக்குப்பிடிக்க காரணம். இதுல இன்னொன்னு, ஓவர்ஃப்ளோ (மேல் தண்ணி வழிஞ்சு ஃபில்டருக்கு போற வழி) ஓடாம நின்னதும் மேல ஒரு எண்ணெய் ஆடை மாதிரி படியும், டார்ச்ச சாய்ச்சு அடிச்சா வானவில் கலர் லேசா தெரியும். மீனோட வழவழப்பு, தீனில இருக்குற கொழுப்பு எல்லாம் சேர்ந்து வந்தது அது, காத்தையும் தண்ணியையும் அது பிரிச்சு வச்சிடும்.

ஏர் ஸ்டோன்ல (ஏர் பம்ப் ட்யூப் நுனில மாட்டுற ஓட்டை ஓட்டையா இருக்குற கல்லு) வர்ற குமிழி பத்தியும் நிறைய பேர் தப்பா நினைச்சிருக்காங்க. குமிழி உள்ள இருந்து கரைஞ்சு கொடுக்குறது கொஞ்சம் தான், அது மேல வரும்போது அடித் தண்ணிய இழுத்துட்டு வந்து மேல் ஆடைய உடைக்குது பாருங்க, அது தான் முக்கிய வேலை. இது புரிஞ்சா மீதி எல்லாம் சுலபம்.

கரண்ட் போனதும் முதல் வேலை வேவ் மேக்கரை (தொட்டிக்குள்ள தண்ணிய தள்ளி அலை உண்டாக்குற சின்ன மோட்டார்), மூஞ்சிய மேல் பக்கமா திருப்பி, தண்ணி மட்டம் நல்லா அலையுற மாதிரி வச்சு இன்வெர்ட்டர்ல போடுங்க, அது மட்டும் போதும். சின்ன வேவ் மேக்கர் 8 வாட் தான் எடுக்கும். 12 வோல்ட் 150 ஏஹெச் பேட்டரின்னா 1800 வாட்-ஹவர், அதுல முக்கால்வாசிக்கும் குறைவா தான் கிடைக்கும்னு வச்சுக்கோங்க, இன்வெர்ட்டர் தன்னை ஓட்டிக்கவே 15, 20 வாட் எடுத்துக்கும், அதையும் கழிச்சா கூட வேற எதுவும் போடலன்னா ரெண்டு நாள் கிட்ட ஓடும். ஹீட்டர், சில்லர் (தண்ணிய குளிர வைக்கிற மெஷின்), லைட் எதையும் இன்வெர்ட்டர்ல போடாதீங்க.

இன்வெர்ட்டர் இல்லாதவங்க ஒரு யூஎஸ்பி ஏர் பம்ப் வாங்கி வைங்க. 10,000 எம்ஏஹெச் பவர் பேங்க்ல 37 வாட்-ஹவர் இருக்கு, பம்ப் ஒன்றரை வாட் எடுத்தா சுமார் 20 மணி நேரம். ஆனா ஒரு விஷயம், நிறைய பவர் பேங்க் இவ்ளோ கம்மியா கரண்ட் போனா போன் ஃபுல் ஆயிடுச்சுன்னு நினைச்சு தானா ஆஃப் ஆயிடும், அதனால புயல் சீசனுக்கு முன்னாடியே ஒரு ராத்திரி ஓட்டி பாத்துடுங்க. பம்ப்ப தண்ணி மட்டத்துக்கு மேல வைங்க, கீழ வச்சா நின்னதும் ட்யூப் வழியா தண்ணி பம்ப்புக்குள்ள இறங்கிடும்.

அதுவும் இல்லையா, மக் எடுங்க. தண்ணிய மொண்டு ஒரு அடி உயரத்துல இருந்து திரும்ப ஊத்துங்க. அன்னைக்கு 2 மணில இருந்து நானும் என் தங்கச்சியும் மாத்தி மாத்தி அதை தான் செஞ்சோம், மணிக்கு ஒரு தடவை 10 நிமிஷம், மீதி ரெண்டு க்ளவுன் ஃபிஷ்ஷும் டேம்ஸலும் இப்ப வரைக்கும் இருக்குன்னா அந்த மக் தான் காரணம்.

தீனி போடவே போடாதீங்க. பாவம் பசிக்கும்னு தோணும், எனக்கும் தோணுச்சு, போட்டேன், தப்பு. நல்லா இருக்குற பெரிய மீன் ஒரு வாரம் கூட சாப்பிடாம இருக்கும், போட்ட தீனி அழுகுனா அதுவே ஆக்சிஜனை இழுத்துக்கிட்டு அமோனியாவையும் விடும்.

டிசம்பர்ல சூடு பிரச்சனை இல்ல, மே மாசம் கரண்ட் போனா தான் அது வருது. தண்ணி சூடேறினா ஆக்சிஜன் கரையுறது குறையும், அதே நேரம் மீனுக்கு தேவை கூடும், ரெண்டு பக்கமும் அடி. ஃப்ரீசர்ல ரெண்டு மூணு தண்ணி பாட்டில் எப்பவும் உறைய வச்சிருங்க, நிரப்பும்போது மேல கொஞ்சம் இடம் விட்டு. 1 லிட்டர் பாட்டில் ஐஸ் முழுசா உருகி தொட்டி சூட்டுக்கு வரும்போது 100 லிட்டர் தண்ணிய சுமார் 1 டிகிரி இறக்கும். மூடிய திறக்காம பாட்டிலோட மிதக்க விடுங்க, ஐஸ்ஸ நேரா போட்டா உப்பு அளவு இறங்கிடும். ஒரே நேரத்துல நாலு பாட்டில் போட்டு சடார்னு குளிர வைக்கவும் வேண்டாம்.

சம்ப், அதாவது தொட்டிக்கு கீழ இன்னொரு ஃபில்டர் தொட்டி வச்சிருக்கவங்களுக்கு தனியா ஒன்னு சொல்லணும். மோட்டார் நின்னதும், சம்ப்ல இருந்து தண்ணிய மேல தொட்டிக்கு கொண்டு போற ரிட்டர்ன் பைப் ரிவர்ஸ்ல இழுக்க ஆரம்பிக்கும், பைப் வாய் எவ்ளோ ஆழத்துல இருக்கோ அது வரைக்கும் தொட்டி தண்ணி சம்புக்கு இறங்கி, அங்க இருந்து தரைக்கு வரும். தண்ணி மட்டத்துக்கு 1 சென்டிமீட்டர் கீழ பைப்ல ஒரு சின்ன ஓட்டை போட்டா காத்து புகுந்து அந்த இழுப்பு அறுந்துடும். அந்த ஓட்டைய பாசியும் உப்பும் அடைச்சிக்கும், அதனால மாசம் ஒரு தடவை ஊசியால குத்தி விட்டு, நீங்களே மோட்டாரை ஆஃப் பண்ணி சம்ப் வழியாம நிக்குதான்னு பாருங்க.

கரண்ட் வந்ததும் சந்தோஷத்துல எல்லா சுவிட்சையும் போட்டுடாதீங்க, முக்கியமா கேனிஸ்டரை. மூடின டப்பாக்குள்ள தண்ணி ஓடாம நின்னா உள்ள இருக்குற பாக்டீரியா ஒரு சில மணி நேரத்துல அங்க இருக்குற ஆக்சிஜனை தீர்த்துட்டு சாக ஆரம்பிக்கும், அழுகுறது அங்கேயே தேங்கும். அன்னைக்கு ரெண்டு நாளுக்கு மேல நின்ன என் கேனிஸ்டரை திறந்தப்ப அழுகின முட்டை நாத்தம், ஹைட்ரஜன் சல்ஃபைடு அது, தண்ணி கருப்பா இருந்துச்சு. அதை அப்படியே ஆன் பண்ணியிருந்தா அவ்ளோவும் மீன் மேல போய் விழுந்திருக்கும். டப்பா தண்ணிய சாக்கடைல ஊத்திட்டு, ஸ்பாஞ்ச்ச தனியா ஒரு பக்கெட்ல எடுத்த தொட்டி தண்ணில நாத்தம் போற வரைக்கும் அலசி, அப்புறம் மாட்டுனேன். ஒரு வாரத்துக்கு தினமும் அமோனியா டெஸ்ட் பண்ணேன், மூணாவது நாள் லேசா ஏறுச்சு, 20 சதவீதம் தண்ணி மாத்துனதும் இறங்கிடுச்சு.