வெள்ளம் வடிந்த பழஞ்சுவர் எப்போது காய்ந்தது எனலாம்?

வெள்ளத்தில் நின்ற பழைய கட்டடங்களின் உரிமையாளர்கள் முதலில் கேட்பது, எப்போது பூசலாம் என்பதையே. தொட்டுப் பார்த்தால் உலர்ந்திருப்பதாகத் தோன்றும் சுவரின் நடுப்பகுதியில் ஈரம் அப்படியே இருக்கக்கூடும்.

சுண்ணாம்புக் காரையில் கட்டிய கனத்த செங்கற்சுவர் இரண்டு கட்டமாகக் காய்கிறது. முதலில் நுண்துளைகள் வழியே நீர் மேற்பரப்புக்கு வந்து ஆவியாவதால் ஈரம் விரைவாகக் குறையும்; அந்த நீர்த்தொடர் அறுந்தபின் உள்ளிருப்பது ஆவியாகவே வெளியேற வேண்டியிருப்பதால் வேகம் மிகவும் தளர்ந்துவிடும். 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாதம் என்பது துறையில் வழங்கும் தோராயக் கணக்கு. அதன்படி 450 மி.மீ. சுவருக்கு ஒன்றரை ஆண்டு ஆகும். இரு முகப்புகளுக்கிடையே கல்லையும் காரையையும் கொட்டி நிரப்பிய சுவர்களுக்கு இந்தக் கணக்கும் உதவாது, ஏனெனில் உள்ளிடைவெளிகளில் தேங்கிய நீர் எங்கிருக்கிறது என்பதே வெளியில் தெரியாது.

ஊசிமுனை ஈரமானி அளப்பது மின்தடையை. அது காட்டும் சதவீதமும் பெரும்பாலும் மரத்துக்காக வகுக்கப்பட்டது. சுவரில் உப்பு இருந்தால் சிறிதளவு ஈரமே போதும், எண் எகிறிவிடும். எந்தப் பகுதி எதைவிட ஈரமானது என்று ஒப்பிட அது பயன்படும். அதற்குமேல் நான் அதை நம்புவதில்லை.

நம்பத்தக்கது, வெவ்வேறு ஆழங்களில் மெதுவாகத் துளையிட்டு எடுத்த தூளை உடனே மூடிவைத்து, எடைபோட்டு, 105 டிகிரி செல்சியஸில் உலர்த்தி மீண்டும் எடைபோடுவது. ஜிப்சம் கலந்த தூளுக்கு இந்த வெப்பம் கூடாது. அதன் படிகத்தோடு பிணைந்திருக்கும் நீரும் சேர்ந்து வெளியேறி, இல்லாத ஈரத்தைக் கணக்கில் சேர்த்துவிடும். சுவரைத் துளைக்கத் தயங்குவது நியாயமே. அதனால் செங்கல்லை விட்டுக் காரை இணைப்பிலேயே துளையிடுகிறேன், அடுத்த முறையும் காரையோடு காரையையே ஒப்பிடுகிறேன். உலர்ந்த தூளை 75 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் வைத்தால் அது எவ்வளவு ஈரத்தை உறிஞ்சுகிறது என்பதும் தெரியவரும். அந்த அளவு அதிகமாக இருந்தால், வெள்ளநீர் முழுதும் போனபின்னும் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒருமுறை எடுத்த அளவைவிட, அதே இடத்தருகே சில மாத இடைவெளியில் எடுத்த அளவுகளே பேசும்: உள் ஆழத்து எண் குறைந்து வருகிறதா என்பதுதான் கேள்வி.

விரைவில் உலர்த்த வேண்டும் என்று சூடான காற்றையும் பெரிய ஈரநீக்கிகளையும் முழுவேகத்தில் இயக்குவது ஆபத்தானது. ஆவியாகும் இடம் மேற்பரப்பிலிருந்து உள்ளே நகர்ந்து, உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, அதைப் பொருக்குப் பொருக்காக உதிர்க்கும். ஜன்னல்களைத் திறந்து சீரான காற்றோட்டம் தருவது பெரும்பாலும் போதுமானது. ஆவியைத் தடுக்கும் சிமெண்ட் பூச்சையும் பிளாஸ்டிக் வண்ணத்தையும் அகற்றலாம்; பழைய சுண்ணாம்புப் பூச்சையும் சுவரோவியங்களையும் பாதுகாப்பு வல்லுநர் பார்க்கும்வரை தொடக்கூடாது.

சுவருக்குள் செருகிய உத்திர முனைகளைத் தனியே சோதிக்க வேண்டும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டியே நீடித்தால் பூஞ்சை அரிக்கத் தொடங்கும், சுற்றியுள்ள சுவரின் முகப்பு காய்ந்திருந்தாலும்கூட.