மெஷின் வாங்கித் தருகிறேன் என்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்

போன வாரம் ஓ.பி.யில் ஒரு ஃபைலைப் பிரித்தேன். மார்பகப் புற்றுநோய். ஆறு கீமோ போட வேண்டும், மூன்றோடு பதிவு நின்றிருந்தது. அதற்குக் கீழே யாரோ பென்சிலில் ‘லாஸ்ட் டு ஃபாலோ-அப்’, அதாவது பாதியில் வருவதை நிறுத்திவிட்டார் என்று எழுதியிருந்தார்கள். அந்த அம்மா எட்டு மாதம் கழித்து, முதுகெலும்பில் வலியோடு என் எதிரில் உட்கார்ந்திருந்தார். நடுவில் ஏன்மா வரவில்லை என்று கேட்டேன். “கட்டி கரைஞ்சு போச்சு டாக்டர், யாரும் கூப்பிடவும் இல்ல. சரி, குணமாயிடுச்சுன்னு நெனச்சுட்டோம்” என்றார்.

கூப்பிடுவதற்கு ஒருவர் இருந்தார். நோயாளிகள் பாதியிலேயே ஏன் சிகிச்சையை விடுகிறார்கள் என்று சிறிய அளவில் ஓர் ஆய்வு நடத்தினோம். அதற்காக ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருந்தோம். அவரிடம் ஒரு ஃபோன், ஒரு நோட்டு. தேதி தவறியவர்களை மறுநாளே அழைத்து, காரணத்தை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வைப்பார். பயணச் செலவு, வேலைக்கு லீவு கிடைக்காதது எல்லாம் நாங்கள் எதிர்பார்த்தவைதான். ஆனால் ‘கட்டி சுருங்கிவிட்டது, அதனால் நோய் போய்விட்டது’ என்று நின்றவர்கள் அத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை, ஏனென்றால் எங்களுக்கு அது மருந்து வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம், அவர்களுக்கோ மருந்தை நிறுத்தலாம் என்பதற்கான அடையாளம். அந்த நோட்டு இல்லாவிட்டால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. ஆய்வுக்கான பணம் தீர்ந்தது, அந்தப் பெண்ணின் வேலையும் போனது.

அதே வாரம் நல்ல மனதுள்ள ஒருவர் வந்து, புற்றுநோய்ப் பிரிவுக்கு மெஷின் ஏதாவது வாங்கித் தரட்டுமா என்றார். அந்த ஃபோன் வேலைக்கு உதவுங்கள் என்றேன். “ஆராய்ச்சியா? அதெல்லாம் வெளிநாட்டில் செய்கிறார்களே டாக்டர், நாம் எதற்கு?” என்றார். இந்தக் கேள்வியை எத்தனையாவது முறையாகக் கேட்கிறேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த நினைப்பைப் பார்ப்போம். உடம்பு எல்லோருக்கும் ஒன்றுதான், பணக்கார நாடுகளில் கண்டுபிடிப்பார்கள், நாம் வாங்கிப் போட்டால் போதும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் தப்பு. ஒரு சிகிச்சை முறை காகிதத்தில் மருந்தின் பெயராகவும் அளவாகவும் மட்டும் தெரியும். அதன் பின்னால் எழுதப்படாத நூறு விஷயங்கள் இருக்கின்றன: காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்றும் வார்டு, ரத்த வங்கி, பத்து நாளில் வரும் பயாப்ஸி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட், நோயாளியின் எடை, வீட்டுக்குப் போகும் தூரம். இவை எதுவும் இல்லாத இடத்தில் அதே முறையை அப்படியே போட்டால் அது வேறு சிகிச்சை. குழந்தைகளின் புற்றுநோயில் பணக்கார நாடுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் பிழைக்கிறார்கள், பல ஏழை நாடுகளில் 30 சதவீதத்துக்கும் குறைவு. மருந்துப் புட்டி இரண்டு இடத்திலும் கிடைக்கலாம். அதனால் மட்டும் இந்த இடைவெளி மூடாது.

ஒரு நாட்டுக்குள்ளேயே பதில் மாறும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வினிகர் தடவிப் பார்க்கும் எளிய சோதனை இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற செவிலியர்களை வைத்து ஒரே ஒரு முறை செய்ததில் இறப்பு 35 சதவீதம் குறைந்தது, 2007-ல் வெளியான ஆய்வு. மும்பைக் குடிசைப் பகுதிகளில் சுகாதாரப் பணியாளர்களுக்குச் சில வாரம் பயிற்சி கொடுத்து, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை செய்ததில் 31 சதவீதம். ஆனால் மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத்தில் அதே வினிகர் சோதனை இறப்பைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை, ஒரே ஒரு முறை செய்த ஹெச்.பி.வி. (இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) சோதனைதான் ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. இதை வெளிநாட்டு ஆய்வகத்தில் உட்கார்ந்து யாரும் சொல்லியிருக்க முடியாது. (இந்த ஆய்வுகளில் ஒப்பீட்டுக் குழுவிலிருந்த பெண்களுக்குப் பரிசோதனை செய்யாமல் விட்டது பற்றிக் கடுமையான விமர்சனம் வந்தது. அது நியாயமான கேள்வி. உள்ளூர் ஆராய்ச்சி வேண்டும் என்பவர்கள் அதைத் தாண்டிக் குதிக்கக் கூடாது.)

அப்புறம் விலை. நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் மருந்தை, வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 240 மி.கி. போடுவார்கள். தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றிய நிலையில் எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் அதன் விலையைக் கேட்டதும் எழுந்து போய்விடுவார்கள். மும்பை டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனை மருத்துவர்கள் மூன்று வாரத்துக்கு ஒரு முறை 20 மி.கி. மட்டும், மலிவான மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். கணக்குப் போட்டால் பதினெட்டில் ஒரு பங்கு மருந்து. ஒரு வருடம் உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமானார்கள். ஒப்பிட்டது மாத்திரைகளை மட்டும் எடுத்தவர்களோடு, முழு அளவு மருந்தோடு அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் யோசியுங்கள், தன் மருந்தைக் குறைவாகப் போட்டாலும் பலன் உண்டா என்று பார்க்க எந்தக் கம்பெனி பணம் போடும்? இந்தக் கேள்வியை அது தேவைப்படுகிற நாடுதான் கேட்க வேண்டும், அதற்கான பணமும் அங்கேயே இருக்க வேண்டும்.

பலன் உள்ளூரோடு நிற்பதும் இல்லை. ஹெச்.பி.வி. தடுப்பூசி ஒரு டோஸே போதுமா என்பதற்கான ஆதாரத்தில் முக்கியமான பங்கு இந்தியாவிலிருந்தும் கென்யாவிலிருந்தும் வந்தது. வாய்ப் புற்றுநோயில் ஆரம்ப நிலையிலேயே கழுத்து நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்தால் மூன்று வருடம் கழித்தும் உயிரோடு இருப்பவர்கள் 67.5-லிருந்து 80 சதவீதமாகிறார்கள் என்று 2015-ல் காட்டியதும் மும்பைதான். இன்று அதை உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள்.

பணம் எங்கே போகிறது? 2014 முதல் 2017 வரை வெளியான பெரிய புற்றுநோய்ச் சிகிச்சை ஆய்வுகளை எண்ணிப் பார்த்ததில் 92 சதவீதம் பணக்கார நாடுகள் தலைமையில் நடந்தவை. 2016-லிருந்து 2020 வரை உலகெங்கும் அரசுகளும் அறக்கட்டளைகளும் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கொடுத்ததில் ஏறக்குறைய முக்கால் பங்கு மனிதர்களிடம் வருவதற்கு முந்தைய ஆய்வகக் கட்டத்துக்கே போயிருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு 1.4 சதவீதம், கதிர்வீச்சுக்கு 2.8 சதவீதம். ஏழை நாடுகளில் நோயாளியைக் குணமாக்குவது பெரும்பாலும் இந்த இரண்டும்தான்.

இனி சில விஷயங்களை நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்.

நன்கொடை தருபவர்களே, மெஷின் வேண்டாம் என்று சொல்லவில்லை. மெஷினோடு அதன் பலனைக் கணக்கு வைக்க ஓர் ஆளின் சம்பளத்தையும் ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கொடுங்கள். ஒரு வருடம் கொடுத்து நிறுத்தாதீர்கள், புற்றுநோயில் ஒரு வருடத்தில் பதில் வராது. திறப்பு விழாப் படம் வராது, பரவாயில்லை என்று இருங்கள்.

வெளிநாட்டு நிதி வரும்போது கேள்வியை யார் முடிவு செய்கிறார்கள் என்று பாருங்கள். திசு மாதிரிகளை அனுப்பிவிட்டுக் கட்டுரையில் பதினான்காவது பெயராக நிற்பதற்கு இளம் மருத்துவர்கள் சம்மதிக்காதீர்கள்.

புற்றுநோய்ப் பதிவேடு வேலையைத் தண்டனை போஸ்டிங்காக நினைக்கும் அதிகாரிகள் தயவுசெய்து அதை நிறுத்துங்கள். எத்தனை பேருக்கு நோய், எந்த நிலையில் வருகிறார்கள் என்பதே தெரியாமல் எதை ஆராய்வது?

ஆய்வில் சேரச் சொன்னால் நோயாளிகள் பயந்து ஓட வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்தும் போட வேண்டாம். நெறிமுறைக் குழு அனுமதி இருக்கிறதா, படிவம் உங்கள் மொழியில் இருக்கிறதா, பாதிப்பு வந்தால் செலவு யாருடையது, நடுவில் விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா? இந்த நான்கையும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வாருங்கள்.

கடைசியாக, சிகிச்சையை விட்டுவிடுபவர்களின் வீட்டாரிடம் ஒரு விஷயம். வர முடியவில்லை என்றால் ஏன் என்று மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காசில்லை என்றாலும், பயம் என்றாலும், சரியாகிவிட்டது என்று நினைத்தாலும் சொல்லுங்கள். திட்ட மாட்டோம். எழுதி வைத்துக்கொள்வோம்.