ஊரில் வாங்கிய மாத்திரைக்கு இங்கே கணக்கில்லை

நியூ ஜெர்சியில் ஒரு கிளினிக்கில் மருந்தாளுநராக இருக்கிறேன். மருந்தைப் பற்றிப் பேசுவதைவிட இன்சூரன்ஸ் கம்பெனிகளோடு ஃபேக்ஸில் மல்லுக்கட்டுவதிலேயே என் பாதி நாள் போய்விடும்.

அண்மையில் வந்தவர் கோயம்புத்தூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.9. டாக்டர் ஓசெம்பிக் என்ற சர்க்கரை நோய் ஊசி எழுதினார். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் முன் அனுமதி கேட்டு விண்ணப்பித்தோம். இரண்டே நாளில் மறுப்புக் கடிதம் வந்தது. மெட்ஃபார்மின் என்ற மலிவான சர்க்கரை மாத்திரையை மூன்று மாதமாவது எடுத்துக்கொண்டதற்குப் பதிவு இல்லையாம்.

"ஏழு வருஷமா அதத்தானே மேடம் சாப்பிடறேன்?" என்றார்.

"எங்கண்ணா வாங்குறீங்க?"

"ஊருக்குப் போறப்ப மொத்தமா வாங்கிட்டு வந்துருவேன்." பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். கிளைக்கோமெட் ஜிபி. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடு என்ற இன்னொரு சர்க்கரை மருந்தும் சேர்ந்த மாத்திரை.

சிக்கல் அங்கேதான் இருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி உங்கள் உடம்பைப் பார்ப்பதில்லை, தனக்கு வந்த பில்களைப் பார்க்கிறது. மலிவான மருந்து கேட்காவிட்டால்தான் விலை கூடிய மருந்து என்பது அவர்கள் விதி. ஸ்டெப் தெரபி என்பார்கள். மெட்ஃபார்மினுக்கு ஒரு பில்லும் வரவில்லை என்றால், அவர்கள் கணக்கில் நீங்கள் அதைச் சாப்பிட்டதே இல்லை. இன்சூரன்ஸ் கார்டைக் காட்டாமல் நாலு டாலருக்கு ரொக்கமாக வாங்கியவர்களுக்கும் இதே கதைதான்.

ஆகவே மறுப்பை எதிர்த்து அப்பீல் போட, காகிதம் சேர்க்கும் வேலையில் இறங்கினோம். அவர் மச்சான் கோவையில் பழைய டாக்டரைப் பார்த்து லெட்டர்பேடில் எழுதி வாங்கினார். முதலில் வந்த கடிதத்தில் "கிளைக்கோமெட் ஜிபி, பல வருடங்களாக" என்று மட்டும் இருந்தது. அந்தப் பிராண்டு பெயர் இங்கே பரிசீலிப்பவருக்கு ஒன்றும் சொல்லாது. மெட்ஃபார்மின் எத்தனை மில்லிகிராம், கிளிமிபிரைடு எத்தனை, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று திருப்பி எழுதி வாங்கச் சொன்னேன். கூடவே பழைய லேப் ரிப்போர்ட்டுகள். பேச்சுவாக்கில் இன்னொன்றும் வெளிவந்தது: கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு சாப்பிடத் தாமதமானால் கை நடுங்கி வியர்த்துக்கொட்டுமாம், ஒருமுறை கார் ஓட்டும்போதே. இதை அவர் டாக்டரிடம் சொன்னதே இல்லை. சர்க்கரை இப்படித் தாழ்ந்துபோவது அப்பீலில் பெரிய வாதம்.

ஃபைலைப் புரட்டினால் வேறொரு கோளாறு. எப்போதோ போட்ட 'ப்ரீ டயபெட்டிஸ்' (சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை) நோய்க் குறியீடு ஆர்73.03 அப்படியே கிடந்தது. ஓசெம்பிக்குக்கு 2017-இல் அனுமதி கிடைத்தது டைப் 2 சர்க்கரை நோய்க்கு. அதிலுள்ள அதே மருந்து, செமாக்ளூடைடு, உடல் எடையைக் குறைக்க 2021-இல் வெகோவி என்ற பெயரில் வந்தது. எடை குறைக்க ஓசெம்பிக் கேட்கிறாரோ என்ற சந்தேகத்தில் கம்பெனிகள் ஈ11 என்று தொடங்கும் டைப் 2 குறியீட்டைத் தேடுகின்றன. அது இல்லையென்றால் கதவு சாத்தப்படும். டாக்டர் திருத்தினார், தப்பு எங்கள் பக்கம்தான்.

மூன்றாவது, சிறுநீரகம். சில மாத இடைவெளியில் எடுத்த இரண்டு பரிசோதனையிலும் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கூடுதலாக இருந்தது, சிறுநீரகம் பாதிக்கப்படுவதன் அடையாளம். இதயமோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்ட டைப் 2 நோயாளிகளுக்கு ஓசெம்பிக் வகையையோ ஜார்டியன்ஸ் மாத்திரை வகையையோ கொடுக்கும்படி அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. சிறுநீரக நோய் உள்ள டைப் 2 நோயாளிகளுக்கென்று ஓசெம்பிக்குக்கு 2025 ஜனவரியில் தனி அனுமதியும் கிடைத்தது. முன் அனுமதிப் படிவத்தில் இதை எழுதக் கட்டமே இல்லை. டாக்டரின் கடிதத்தில்தான் எழுத முடியும்.

"அப்பீல் போட்டா விசாவுக்கு ஏதாவது ஆகுமா?" என்று தணிந்த குரலில் கேட்டார். நம்மவர்கள் பலர் கேட்கிற கேள்விதான். ஒன்றும் ஆகாது. இது கோர்ட் கேஸும் இல்லை.

வேலை வழியாகக் கிடைத்த பெரும்பாலான திட்டங்களில் மறுப்பு வந்த நாளிலிருந்து 180 நாள் அவகாசம் உண்டு. இன்னும் வாங்காத மருந்தென்றால் 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். தாமதித்தால் உடம்புக்கு ஆபத்து என்று டாக்டர் எழுதினால் 72 மணி நேரத்துக்குள். போனில் கத்துவது பெரும்பாலும் அப்பீலாகப் பதிவாகாது, எழுதி அனுப்புங்கள். எந்த விதியை வைத்து மறுத்தார்கள் என்ற ஆவணங்களை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். கேட்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மருத்துவக் காரணம் சொல்லி மறுத்து, அப்பீலிலும் மறுத்தால், நான்கு மாதத்துக்குள் வெளி மதிப்பாய்வு கேட்கலாம். கம்பெனிக்குச் சம்பந்தமில்லாதவர்கள் பார்ப்பார்கள். அவர்கள் தீர்ப்புக்குக் கம்பெனி கட்டுப்பட வேண்டும்.

ஐ.டி. வேலையில் இருப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். கார்டில் இன்சூரன்ஸ் கம்பெனி பெயர் இருந்தாலும் மருத்துவச் செலவுக்குக் கொடுக்கும் பணம் பல இடங்களில் உங்கள் முதலாளியுடையது. அப்படியானால் மாநில இன்சூரன்ஸ் துறையால் ஒன்றும் செய்ய முடியாது. ஹெச்ஆரிடம் பேசுங்கள், பிறகு மத்தியத் தொழிலாளர் துறை.

இவருக்குப் பத்தொன்பதாவது நாள் ஒப்புதல் வந்தது, 12 மாதத்துக்கு. முடிகிற தேதிக்கு ஒரு மாதம் முன்னால் போனில் அலாரம் வைக்கச் சொன்னேன். அந்த வாரமே மெட்ஃபார்மினையும் இங்கேயே கார்டைக் காட்டி வாங்கினார். பில் மூன்று டாலர் சொச்சம்.