ஆர்கெஸ்ட்ரா – பல்லியம்

ஆர்கெஸ்ட்ரா என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கு நினைவில் வருவது, திருமண வரவேற்பில் திரைப்பாடல் பாடும் மெல்லிசைக் குழு. மேற்கத்திய செவ்வியல் இசையில் அச்சொல் குறிப்பது வேறு: வயலின் குடும்பத்து நரம்புக் கருவிகள், ஓபோ போன்ற துளைக்கருவிகள், டிரம்பெட் போன்ற பித்தளைக் கருவிகள், முழவுகள் எல்லாம் ஒரே நடத்துநரின் கையசைவுக்கு ஒலிக்கும் பெருங்குழு.

சொல்லின் வேர் கிரேக்கம். 'ஆடுதல்' என்னும் வினையிலிருந்து பிறந்தது. பழைய கிரேக்க அரங்கில் மேடைக்கு முன்னால் குழுவினர் பாடி ஆடிய வெளிதான் ஆர்கெஸ்ட்ரா. கிரேக்கத்தின் எபிடாரஸ் அரங்கில் அந்த வட்டத்தை இன்றும் பார்க்கலாம். 17ஆம் நூற்றாண்டில் ஓபரா என்னும் இசைநாடகம் வளர்ந்தபோது மேடைக்கு முன்னே வாத்தியக்காரர்கள் அமர்ந்தார்கள். இடத்தின் பெயர் அவர்களுக்கும் ஆகிவந்தது. 'ஊர் சிரித்தது' என்பதைப் போல இதுவும் இடவாகுபெயர்தான்.

தமிழில் இதற்கு நான் தயங்காமல் சொல்வது பல்லியம். இயம் என்றால் இசைக்கருவி. பல் + இயம், பல கருவிகள். திருமுருகாற்றுப்படை முருகனைக் 'குழலன் கோட்டன் குறும்பல்லியத்தன்' என்கிறது. நெடும்பல்லியத்தனார் என்றே ஒரு சங்கப் புலவர் இருந்தார். யாழையும், ஆகுளி, பதலை என்னும் பறைகளையும் கட்டி எடுத்துக்கொண்டு போவோமா என்று விறலியை அழைத்துத்தான் அவருடைய புறநானூற்றுப் பாட்டு (64) தொடங்குகிறது.

'இசைக்குழு' நல்ல சொல்தான், ஆனால் பஜனைக் குழுவுக்கும் அதுவே பெயர். பல்லியம் கருவிகளின் பன்மையைச் சொல்கிறது. மேற்கத்திய இசையின் செவ்வியல் காலத்திலிருந்து (18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி) ரொமாண்டிக் காலம்வரை (19ஆம் நூற்றாண்டு) இந்தக் குழுவின் வரலாறே கருவிகள் பெருகிய வரலாறு அல்லவா! எஸ்டெர்ஹாசி பிரபுக்களின் அரண்மனையில் இசையமைப்பாளர் ஹைடன் சிறு குழுவுக்குத்தான் சிம்பொனிகளை, அதாவது பல பகுதிகள் கொண்ட பெரிய பல்லியப் படைப்புகளை, எழுதினார். 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் அரங்கேறிய பீத்தோவனின் 5ஆம் சிம்பொனியில் மூன்று டிராம்போன்களும் (பித்தளைக் கருவி) பிக்கோலோவும் (சிறு குழல்) கான்ட்ராபசூனும் (மிகத் தாழ்ந்த ஒலியுள்ள துளைக்கருவி) முதல் மூன்று பகுதிகளில் வாய் திறப்பதே இல்லை. நான்காம் பகுதி சி மேஜர் என்னும் சுரவரிசையில் முழங்கி எழும்போதுதான் சேர்ந்துகொள்கின்றன. அந்த நொடியில் அரங்கமே அகன்றுவிட்டதாகத் தோன்றும். 1830இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் தன் சிம்பொனியில் ஹார்ப் என்னும் நரம்புக் கருவிகளையும் மணிகளையும் சேர்த்தார்.

லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா போன்ற சிறப்புப் பெயர்களை அப்படியே எழுதலாம். பொதுப்பெயராக வரும் இடங்களில் பல்லியம், பல்லியக் கலைஞர், பல்லியக் கச்சேரி. திருமண மேடையில் பாடுவோருக்கு மெல்லிசைக் குழு என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது.