கட்டியை எடுத்தாச்சு, மாத்திரையை நிறுத்தலாமா?

கல்லீரல் புற்றுக்கட்டியை அறுத்து எடுத்து மூன்று வருடம். ஆள் தெம்பாக இருக்கிறார், எடையும் ஏறியிருக்கிறது. சிடி ஸ்கேன் எடுத்தால், வேறொரு பக்கத்தில் புதுக்கட்டி. கட்டிக்குக் காரணமான ஹெபடைட்டிஸ் பி வைரஸை அடக்கும் மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று விசாரித்தால், "வைரஸ் இல்லைன்னு ரிப்போர்ட் வந்துச்சு டாக்டர், அப்பவே நிறுத்திட்டோம்" என்கிறார் கூட வந்த மகன். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்துதான் இதை எழுதுகிறேன்.

அந்த ரிப்போர்ட் "வைரஸ் இல்லை" என்று சொல்லவில்லை. ரத்தத்தில் வைரஸ் டிஎன்ஏ தென்படவில்லை என்றுதான் சொல்கிறது. தென்படாததற்குக் காரணமே நீங்கள் சாப்பிட்ட மாத்திரை. வைரஸ் தன் மரபுப்பொருளைக் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் வளையமாகப் பதுக்கி வைத்திருக்கிறது. மாத்திரையால் அதை அழிக்க முடியாது. நிறுத்தினால் பெரும்பாலும் வைரஸ் மறுபடி பெருகி, கல்லீரலில் அழற்சியைக் கிளப்பும். அறுத்தது போக மிஞ்சிய கல்லீரலில் சிரோசிஸும் (தழும்பேறி இறுகிப்போவது) இருந்தால், அந்த அழற்சியைத் தாங்காமல் கல்லீரலே செயலிழக்கலாம்.

"கல்லீரல்தான் திரும்ப வளர்ந்திடுமே" என்பார்கள். அளவு வளரும், உண்மைதான். ஆனால் வளர்வது அதே தழும்பேறிய, அதே வைரஸ் குடியிருக்கும் கல்லீரல். அறுவைக்குப் பின் 5 ஆண்டுகளில் பாதிப் பேருக்கு மேல் கட்டி திரும்புவது இதனாலும்தான். முதல் 2 ஆண்டுகளில் வருவது பெரும்பாலும் பழைய கட்டி ஏற்கெனவே சிந்திவிட்ட செல்களிலிருந்து. அதன்பின் வருவது பெரும்பாலும் புதிதாக முளைப்பது. அதைக் குறைக்கத்தான் இந்த மாத்திரை.

உங்கள் மாத்திரை என்டகாவிர் என்றால் வெறும் வயிற்றில்: சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் முன்பு. படுக்கப் போகும்போது போட்டால் கணக்கு எளிது. டெனோஃபோவிர் என்றால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் அவ்வப்போது பாருங்கள். ஹெபடைட்டிஸ் சி கதை வேறு. பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையில் குணமாகிவிடும். அப்போதும் சிரோசிஸ் போகாது, ஸ்கேனை விடக்கூடாது.

வெறும் அல்ட்ராசவுண்ட் எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். முண்டுமுண்டான சிரோசிஸ் கல்லீரலில் 1 செ.மீ. கட்டி அதில் ஒளிந்துகொள்ளும். மருந்து செலுத்தி எடுக்கும் சிடி அல்லது எம்ஆர்ஐ வேண்டும்: மருந்து தமனி வழியே வந்து சேரும் கட்டத்தில் பளிச்சென்று தெரிந்து, பிறகு சுற்றியுள்ள கல்லீரலைவிட மங்கும் புள்ளியைத்தான் தேடுகிறோம். முதல் 2 ஆண்டுகள் 3 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை. வரும்போது பழைய சிடி ஸ்கேன் படங்கள் உள்ள குறுந்தட்டையும் கொண்டுவாருங்கள். ரிப்போர்ட் தாளை மட்டும் வைத்துப் படங்களை ஒப்பிட முடியாது. ஏஎஃப்பி (கல்லீரல் புற்றுக்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) அறுவைக்கு முன்பே நார்மலாக இருந்தவருக்கு, இப்போதும் நார்மல் என்பது ஆறுதல் ஆகாது.

மது ஒரு சொட்டும் வேண்டாம்; பீரும் மதுதான். பூஞ்சை பிடித்த நிலக்கடலையை வறுத்தாலும் அஃப்ளாடாக்சின் முழுதாகப் போகாது, குப்பையில் போடுங்கள். கல்லீரலுக்கு நல்லது என்று யாரோ கொடுக்கும் பொடி, சூரணம் எதையும் கேட்காமல் தொடாதீர்கள். சீந்தில் சாப்பிட்டே கல்லீரல் கெட்டவர்கள் உண்டு.

செலவுதான் தடையா? தயவுசெய்து சொல்லுங்கள். 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இந்த மருந்துகள் அரசு சிகிச்சை மையங்களில் இலவசம். டப்பாவில் பத்து மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்ததை வாங்கி வைத்துவிடுங்கள்.