டிஸ்பியூட்: தகராறா, பிணக்கா, மறுப்பா?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் லீசிங் கேட்டுப் போனவர் வெறுங்கையோடு திரும்பினால், ‘கிறிப்பில பேர் விழுந்திட்டுதாம்’ என்பார்கள். கிறிப் என்பது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்தின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கம். யார் கடன் எடுத்தார், எப்படிக் கட்டுகிறார் என்று கடன் கொடுத்த நிறுவனங்கள் அனுப்பும் கணக்குகள் சேரும் இடம் அது. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. (கொடுகடன் வினைத்தொகை. வாங்கினவருக்குக் கடன், கொடுத்தவருக்குக் கொடுகடன்.) அங்கே பேர் ‘விழுவது’ என்று ஒன்றும் கிடையாது. தவணை தவறாமல் கட்டியவரின் கணக்கும் அதே இடத்தில்தான் இருக்கிறது. கடன் கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுப்பது வங்கி.

அந்தக் கணக்கில் பிழை இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பதைத்தான் டிஸ்பியூட் என்கிறார்கள். இதன் லத்தீன் மூலத்தில் ‘டிஸ்’ என்றால் பிரித்து. ‘புட்டாரே’ முதலில் கிளை நறுக்குவதையும் பிறகு கணக்குப் பார்ப்பதையும் குறித்தது. கணக்கைப் பிரித்துப் பார்த்த சொல்தான் பிந்திச் சண்டைக்கும் போயிருக்கிறது.

தமிழில் பலர் வாயில் முதலில் வருவது தகராறு. அரபியில் ‘தக்ரார்’ என்றால் திரும்பத் திரும்பச் சொல்வது. உருது வழியாக நம்மிடம் வந்து வாய்ச்சண்டை ஆனது. கேட்டவுடனே வேலிச் சண்டையும் பொலிஸும்தான் ஞாபகம் வரும். ‘வங்கியோட தகராறுக்குப் போறதோ?’ என்று படிவத்தையே தொடாதவர்கள் உண்டு. பிணக்கு நல்ல தமிழ், பிணங்கு என்ற வினையிலிருந்து வந்தது. தொழிற்பிணக்கு, காணிப்பிணக்கு என்று அரச தாள்களில் பழகியதும்கூட. ஆனாலும் பிணங்குவதற்கு இரண்டு பேருக்குள் மனக்கசப்பு வேண்டும். வங்கி எழுதுவினைஞர் ஓர் அடையாள அட்டை இலக்கத்தை மாற்றி அடித்ததில் என்ன மனக்கசப்பு? திருத்தக் கோரிக்கை என்றாலோ, ஏதோ தயவு கேட்பது போலிருக்கிறது. என் தெரிவு ‘பதிவு மறுப்பு’. இந்தப் பதிவு உண்மையில்லை, நான் ஏற்கவில்லை என்பதைச் சொல் நேராகவே சொல்லிவிடுகிறது.

எதை மறுக்கலாம் என்பதும் அந்தச் சொல்லிலேயே தெரியும். விசுவமடுவில் ஒருவர் மச்சானின் லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) கடனுக்குப் பிணை நின்றார் என்று வைப்போம். அவருடைய கிறிப் அறிக்கையில் அந்தக் கடன் பிணையாளர் என்ற நிலையில் வரும். அது சரியான பதிவு. மச்சான் கட்டாமல் விட்டிருந்தாலும் மறுக்க வழியில்லை. அதே கடன் இவரே எடுத்ததாகப் பதிந்திருந்தாலோ, கட்டி முடித்த பிறகும் நிலுவை காட்டினாலோ மறுக்கலாம்.

முதலில் தன் அறிக்கையை எடுக்க வேண்டும். அப்புறம் பிழையான வரி எது, எந்த நிறுவனம் அனுப்பியது என்று பார்த்துப் பணியகத்துக்கு எழுத வேண்டும். பணியகம் தானாக அழிக்காது. கடன் கொடுத்த நிறுவனத்திடம் கேட்கும், திருத்தி அனுப்ப வேண்டியது நிறுவனம். அதனால் கடன் எடுத்த கிளைக்கே நேரே போய்ச் சொல்வதும் பலன் தரும். கட்டிய துண்டுகளையும் கடன் முடித்த கடிதத்தையும் கொண்டு போங்கள். இடம்பெயர்வில் துண்டுகளைத் தொலைத்தவர்கள் தங்கள் கணக்குக் கூற்றைக் கிளையிலேயே எழுத்தில் கேட்கலாம். கொடுக்கும் கடிதத்தின் பிரதியில் திகதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.